தொப்பிக்காரரைப் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

சென்ற வாரம் வேலம்பாளையத்திலிருந்து மினி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். கண்டக்டர், "தொப்பிக்காரர் ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. மடியில் டிபன் பாக்ஸ், கழுத்தில் கம்பெனி அட்டை. பேச்சு தென்காசிப் பக்கம்.

"யக்கா, இங்க தொப்பிக் கடை எங்கன இருக்கு?" என்று கேட்டாள்.

அப்படி ஒரு கடை இல்லை என்றேன்.

"பொறவு எதுக்கு அப்படிச் சொல்லுதாங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் இறங்கிவிட்டாள். அந்தப் பதில் தொண்டையிலேயே நிற்கிறது. உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

தூரத்துக் கடலோரத்தில் ஒரு சின்ன நாடு. அந்நியப் படையை எதிர்த்து வருஷக்கணக்கில் போராடிய நாடு. அந்த நாட்டுத் தலைவருக்கு எங்கள் திருப்பூரில் மூன்று அடையாளங்கள் இருந்தன. முச்சந்தியில் மார்பளவுச் சிலை, ராயபுரத்தில் ஒரு வீதி, அந்த வீதிக் கடைசியில் மாடியில் ஒரு படிப்பகம். தலைவரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அடையாளம் தெரியாது. அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. சிலையின் தலையில் தொப்பி இருந்ததால் தொப்பிக்காரர் ஆகிவிட்டார். தொப்பிக்காரர் முக்கில் திரும்பி, தொப்பிக்காரர் வீதியில் மூன்றாவது வீடு என்று கல்யாணப் பத்திரிகையிலேயே போட்டவர்கள் உண்டு.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சிலைக்கு அடியில் நின்றுதான் கம்பெனி வேனுக்குக் காத்திருப்பேன். மூன்று வருஷம் நின்றிருக்கிறேன். ஒரு நாளும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை யாரோ அலுமினிய பெயின்ட் அடிப்பார்கள். அந்த வாசனைக்கு எனக்குத் தலை வலிக்கும். அவரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அந்தத் தலைவலிதான்.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் எனக்கு மெர்ச்சண்டைசர் வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயில் எழுதுவது, அவர்கள் கேட்பதைத் தையல் பகுதியில் போய்ச் சொல்வது, தையல் பகுதியில் சொல்வதைக் கொஞ்சம் பவுடர் பூசி அவர்களிடம் சொல்வது. "ஆகாதுங்க" என்று கட்டிங் மாஸ்டர் சொன்னால், "முயற்சி செய்கிறோம்" என்று நான் எழுதுவேன். அதில் எனக்குப் பெரிய கர்வம். என் இங்கிலீஷால்தான் கம்பெனியே ஓடுகிறது என்று நினைத்திருந்தேன்.

அப்போதுதான் ஒரு பையரின் அலுவலகத்திலிருந்து சரக்கைச் சோதிக்க ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். மெலிந்த உடம்பு, நிதானமான பேச்சு. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் 'இன்ஸ்பெக்ஷன் சார்'. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது, இந்த ஊரில் எங்கள் தலைவருக்குச் சிலை இருக்கிறதாமே என்று கேட்டார். அவர் அந்த நாட்டுக்காரர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இருக்கிறது, வீதியும் படிப்பகமும்கூட இருக்கின்றன, நாளைக்கே கூட்டிப்போகிறேன் என்றேன். ஏதோ நானே கட்டி வைத்த மாதிரி.

ஞாயிறு காலை கம்பெனி அம்பாசிடரில் கிளம்பினோம். அந்த வண்டிக்குள் எப்போதும் புதுத்துணி வாசனை அடிக்கும். சாம்பிள் பெட்டிகளைச் சுமந்தே சீட்டெல்லாம் அந்த வாசனை ஏறிப்போயிருந்தது. இப்போதும் புதுப் பனியனைப் பிரிக்கும்போது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும்.

சிலைக்கு முன்னால் இறங்கினார். முதல் தடவையாக நானும் நிமிர்ந்து பார்த்தேன். பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி மூக்கு மழுங்கியிருந்தது. காதுகள் ஏறக்குறைய மூடிவிட்டன. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: எங்கள் தலைவர் தொப்பி போட்டதே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிலையின் பீடத்தில் பதித்திருந்த கல்வெட்டின் விளிம்பை ஒரு விரலால் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

வீதியில் பார்க்க ஒன்றுமில்லை. பெயர்ப் பலகையின் மேல் 'வீடு வாடகைக்கு' என்ற நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். நோட்டீஸைக் கிழிக்கப் போன டிரைவரை வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

படிப்பகத்தின் சாவி வேலுச்சாமி ஐயாவிடம் இருந்தது. எழுபதைத் தாண்டிய பழைய பனியன் தையல்காரர். தொழிற்சங்கத்தில் ஆயுசு முழுக்க இருந்தவர். நாங்கள் வருவதைச் சொல்லியனுப்பியிருந்ததால் வெள்ளை வேட்டி கட்டி, மாடிப்படியின் கீழேயே காத்திருந்தார். விருந்தாளியைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே போய் உட்காரும்வரை விடவில்லை.

தொப்பி விஷயத்தைத்தான் முதலில் கேட்டேன்.

"பேப்பர்ல வந்த படம் அப்பிடித்தானுங்க இருந்துச்சு. தலைக்கு மேல கருப்பா. சிலை செஞ்சவரு தொப்பின்னு நெனச்சுட்டாரு" என்றார். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சுவரில் கண்ணாடி போட்ட ஒரு கடிதம் மாட்டியிருந்தது. அதன் கதையை ஐயா சொல்ல, நான் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த நாட்டில் சண்டை நடந்தபோது, அங்கே குழந்தைகள் துணியில்லாமல் இருப்பதாகக் கேள்விப்பட்டு, திருப்பூர்ப் பனியன் தொழிலாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி உட்கார்ந்து குழந்தைப் பனியன்கள் தைத்திருக்கிறார்கள். ஐயா தைக்க, அவர் மனைவி ஏழு மாத வயிற்றோடு பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டியிருக்கிறார். ஆறு பேல்களாக மூட்டை கட்டி, கூட்ஸ் ரயிலில் கொச்சித் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்து அந்தத் தலைவரின் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம்தான் அது. அப்புறம்தான் சிலை, வீதி, படிப்பகம் எல்லாம்.

"நன்றின்னு போட்டிருக்குதுங்க அம்மிணி. உங்க அன்புக்கு நன்றின்னு. பனியன் வந்துச்சுன்னு போடலீங்க" என்றார் ஐயா. "சாரைக் கேளுங்க. அது வந்து சேந்துச்சுங்களா? எங்கூட்டுல சாகற வரைக்குங் கேட்டுட்டே இருந்துச்சு." மனைவியைத்தான் அப்படிச் சொன்னார்.

கேட்டேன். விருந்தாளி கடிதத்தைப் பார்த்தார், பிறகு ஐயாவைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார். நிறுத்தி நிறுத்தி, வார்த்தை தேடித் தேடி.

வரவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. உங்கள் நாட்டில் ஓர் ஊரிலிருந்து துணி வருகிறது என்று வானொலியில் சொன்னார்கள். வாத்தியார் ஊர்ப் பெயரைக் கரும்பலகையில் எழுதி எல்லோரையும் சொல்லவைத்தார். காலையிலிருந்து பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் நாங்கள் வரிசையில் நின்றோம். வரிசை கலையாமல் இருக்க அந்தப் பெயரையே பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு நின்றோம். சாயங்காலம் வாத்தியார் வந்து, கப்பலைத் துறைமுகத்துக்குள் விடவில்லை என்றார். வீட்டுக்குப் போனோம். அந்த ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இந்த வேலையில் திருப்பூர் என்றதும் நானே போகிறேன் என்று கேட்டு வந்தேன். இதை அவரிடம் சொல்லுங்கள்.

ஐயா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 'வரவில்லை' என்ற முதல் சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். அதற்குப் பின்னால் வந்ததையெல்லாம் பாதிக் காதால்தான் கேட்டேன். இந்தக் கிழவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இரக்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையைச் சொன்னால், அந்த ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடியவேண்டும் என்றும் இருந்தது. ஒரு மணிக்கு முதலாளி வீட்டில் விருந்து வேறு.

"வந்துச்சுங்களாம் ஐயா. சார்கூட சின்ன வயசுல ஒண்ணு போட்டிருக்காராம்" என்றேன்.

ஐயா எழுந்து நின்றார். விருந்தாளியின் தோளைத் தடவினார், பனியன் அளவாக இருக்கிறதா என்று பார்ப்பதைப் போல. அவர் கண்கள் நிறைந்திருந்தன. அதைப் பார்த்து விருந்தாளியும் கலங்கிவிட்டார். தன் கதையை அவர் புரிந்துகொண்டார் என்று நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். நான் போட்டோ எடுத்தேன். விலாச அட்டையை ஐயாவிடம் கொடுத்துவிட்டு விருந்தாளி கிளம்பினார். வண்டியில், நன்றாகச் சொன்னீர்கள் என்று எனக்கு நன்றி கூறினார்.

ஐந்தாறு மாதம் இருக்கும். ஒரு பகலில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் கூப்பிட்டார். போனால் ரிசப்ஷன் சோபாவின் நுனியில் வேலுச்சாமி ஐயா உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் ஒரு வெளிநாட்டுக் கவர். தெரிந்த டீச்சரை வைத்து இங்கிலீஷில் விருந்தாளிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நீங்கள் போட்டிருந்த பனியன் என்ன நிறம் என்று கேட்டு. அதற்குப் பதில் வந்திருந்தது. நான்கு வரி. துணி எங்களை வந்து சேரவில்லை, அன்றைக்கே சொன்னேனே, தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் மன்னிக்கவும்.

"அவரு மேல தப்பில்லீங்க அம்மிணி, இல்லீங்களா?" என்றார்.

"இல்லீங்க ஐயா. நாந்தான். நீங்க சங்கடப்படுவீங்கன்னு..."

"அது என்ற சங்கடமுங்க. அதைய நீங்க எதுக்கு எடுத்துக்கோணும்?" குரலை உயர்த்தவில்லை. கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கே ஊட்டுக்குப் போயி, எங்கூட்டுல படத்து முன்னால நின்னு வந்து சேந்துச்சுன்னு சொல்லீட்டனுங்க. இப்ப மறுக்காப் போயி வரலீன்னு சொல்லோணும்."

அப்போதாவது நான் அந்த வரிசையைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் ஊர்ப் பெயரைப் பாடிக்கொண்டு நின்றதை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால், இதையும் இவள் இட்டுக்கட்டுகிறாள் என்று அவர் நினைத்துவிட்டால்? ஒரு தடவை பொய் சொன்ன வாயால் சொன்னால் அந்த நல்ல விஷயமும் கெட்டுப்போகும் என்று பயந்தேன். அவர் டீகூடக் குடிக்காமல், "வரட்டுங்களா" என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்துக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த ஞாயிறு ஷிப்மென்ட். அடுத்த ஞாயிறு ஒரு வளைகாப்பு. விருந்தாளிக்காவது மெயில் எழுதி, அவரையே விவரமாக எழுதச் சொல்லலாம் என்று தோன்றியபோது, அந்த பையர் எங்கள் கம்பெனியை விட்டுவிட்டு வேறு நாட்டுக்கு ஆர்டர்களை மாற்றிக்கொண்டிருந்தார். அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது.

பிறகு எனக்குக் கல்யாணம், ஈரோட்டில் சில வருஷம், குழந்தைகள். திரும்பி வந்தபோது முச்சந்தியில் பாலம் எழும்பியிருந்தது. பாலம் கட்டச் சிலையைக் கழற்றினார்கள், எங்கே வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வீதிக்கு இப்போது எண்தான். ஒரு நாள் மனசு கேட்காமல் படிப்பகத்தைத் தேடிப் போனேன். அதே மாடிப்படி. மேலே டியூப் லைட் வெளிச்சத்தில் நீளமான மேஜைகள். வரிசையாக உட்கார்ந்து பெண்கள் பனியன்களைச் செக்கிங் செய்துகொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் இந்தி. கடிதம் மாட்டியிருந்த சுவரில் ஃபயர் எக்ஸ்டிங்குவிஷர் தொங்கியது. வாசலில் இருந்த சூப்பர்வைசர் மட்டும் உள்ளூர்ப் பெண்.

"வேலுச்சாமி ஐயாங்களா? அவரு தவறிப் போயி நாலு வருசம் ஆச்சுங்க. அவரு சாமானெல்லாம் பழைய பேப்பர்காரன் அள்ளீட்டுப் போயிட்டானுங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, அவருகிட்ட ஏதாச்சுஞ் சொல்லோணும்னு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

ஆமாங்க என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டேன்.