ஜன்னல்களுக்குக் கீழே வினாத்தாள்

"ரெண்டாவது மாடி, நாலாவது ஜன்னல்! நேத்து என்ன சாப்பிட்ட? மனசுல தோணினதைச் சொல்லாத, வாயில போனதைச் சொல்லு!"

மாணவியர் விடுதியின் முற்றத்தில், தலையை அண்ணாந்து, பின்பக்கமாக நடந்தபடி கேட்கிறாள் அவள். மணி எட்டு. முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடி பனி பிடித்திருக்கிறது. துடைக்க நேரமில்லை. கையில் அட்டை, அதில் படிவங்கள், கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பேனா. இப்படிப் பின்னால் நடந்து நடந்தே இரண்டு முறை செடிப் பாத்திக்குள் விழுந்து எழுந்தாயிற்று. முன்னால் நடந்தால் முகங்கள் தெரியாதாம்.

மேலேயிருந்து பதில் வருகிறது. "ரொட்டி மூணு, முட்டை ஒண்ணு, அலுப்பு நிறைய!"

"அலுப்புக்குக் கட்டம் இல்ல. தண்ணி எத்தனை டம்ளர்?"

தொற்று பரவி ஊர் முடங்கியபோது, வண்டி கிடைத்தவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். கிடைக்காத நாற்பத்தொரு பேர் விடுதியிலேயே மாட்டிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பூட்டு. மூன்று வேளையும் பார்சல் கதவடியில் வந்து உட்காரும். ஒருத்தி அறைக்குள் இன்னொருத்தி நுழையக்கூடாது. உணவியல் துறை ஆய்வு மாணவியான இவளும் அந்த நாற்பத்தொன்றில் அடக்கம். நெருக்கடி நேரத்தில் மாணவிகள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று முப்பது நாள் விடாமல் கேட்டுக் குறிப்பதுதான் ஆய்வு. மொத்தம் இருபத்துநான்கு கேள்விகள். போனில் கேட்டுப் பார்த்தாள். பாதிப் பேர் எடுக்கவே இல்லை, எடுத்தவர்கள் தூக்கக் கலக்கத்தில் உளறினார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கூவிக் கேட்கும் யோசனை அப்போது பிறந்தது. அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. விடுதி அவளுக்கு வினாத்தாள் என்று பெயர் வைத்துவிட்டது.

படித்தது உணவியலே தவிர, வினாத்தாளுக்குச் சமையல் வராது. முட்டை அவிப்பாள், அதற்கும் கைக்கடிகாரம் வேண்டும். தேநீரை ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கோடு போட்ட குவளையில்தான் குடிப்பாள். நூற்றைம்பது மில்லிக்கு மேல் ஒரு சொட்டு இறங்காது. தன் சாப்பாட்டை மட்டும் நின்றபடியே, படிவங்களைப் புரட்டிக்கொண்டே முடிப்பாள். பல நாள் அதுவும் கிடையாது, ஒரு பன்னோடு சரி.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பத்து மணிவரை போர்வைக்குள் கிடந்த விடுதி இவள் குரலுக்குத்தான் எழுந்தது. ஜன்னலில் முகம் காட்ட வேண்டுமே என்று தலை வாரிக்கொண்டது. முதல் மாடி முழுக்க ஒரே நேரத்தில் குதித்துப் பயிற்சி செய்ததில் கீழே சுண்ணாம்பு உதிர்ந்தது. வாசல் பூட்டிய ஒரு கட்டடத்தில் நாற்பது பேரை ஒருத்தி உயிர்ப்போடு வைத்திருந்தாள். அதை இங்கே எழுதுவதில் எனக்கும் பெருமைதான்.

எல்லாரையும்விட ஒழுங்கான பதில் இரண்டாவது மாடி மூலையறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. முதலாண்டு மாணவி, மெல்லிய குரல். மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு பழம், எட்டு டம்ளர் தண்ணீர், அரைமணி நேர உடற்பயிற்சி, எட்டு மணி நேரத் தூக்கம். ஆய்வை வழிநடத்தும் பேராசிரியை போனிலேயே பூரித்துப் போனார். "அந்தப் பொண்ணை எல்லாருக்கும் எடுத்துக் காட்டும்மா." வினாத்தாளும் மறுநாளே முற்றத்தில் நின்று, "மூலையறையைப் பாருங்கடி! எல்லாரும் கைதட்டுங்க!" என்றாள். கைதட்டல் கேட்டது. கூடவே, "செல்லப்பிள்ளை!" என்று ஒரு குரலும்.

பன்னிரண்டாம் நாள் காலை எல்லா ஜன்னலும் கரித்துக்கொட்டியது. முந்தின நாள் மோட்டார் பழுது. குடிக்க ஆளுக்கு ஒரே ஒரு பாட்டில் தண்ணீர்தான் வந்தது, பழவண்டியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூலையறை மட்டும் வழக்கம்போலச் சொன்னது.

"தண்ணி எட்டு டம்ளர்க்கா. ஒரு ஆப்பிள்."

எட்டு என்று எழுதிய பேனா அப்படியே நின்றது. வினாத்தாள் பழைய தாள்களைப் புரட்டினாள். ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசமில்லை. ஒரு மனுஷி அப்படிச் சாப்பிட முடியாது. இது சாப்பிடாதவளின் பதில் என்று அவளுக்குப் பட்டது.

படிவத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு விதி இருக்கிறது: கேட்பவர் அறிவுரை கூறக்கூடாது. கூறினால் பதில்கள் மாறும், ஆய்வு கெடும். அந்த விதியை அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மதியம்வரை முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள், அன்றைக்கு முன்பக்கமாகவே. பிறகு தன் பார்சலை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மூலையறைக் கதவிலிருந்து ஆறடி தள்ளி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"கேள்வி கேட்க வரலைம்மா. பேனாவைக் கீழேயே வெச்சுட்டு வந்துட்டேன். எனக்குத் தனியா சாப்பிட்டா இறங்க மாட்டேங்குது. கொஞ்சம் கதவைத் திறந்து வெச்சுக்கறியா?"

கதவு திறக்க நேரமாயிற்று. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது அந்தப் பெண்ணுக்கு. கீழேயிருந்து ஜன்னலை அண்ணாந்து பார்த்தபோது இது தெரியவே இல்லை.

"உன் பார்சல் எங்க?"

"பக்கத்து ரூம் அக்காவுக்குக் குடுத்துடுவேன்."

அடுத்த கதவுக்குள்ளிருந்து பதறிய குரல் வந்தது. "டயட்ல இருக்கேன்னு சொன்னாளேக்கா! ரெண்டு பார்சல் சாப்பிட்டுட்டு நான்தான் ஒண்ணுன்னு சொல்லிட்டிருந்தேன்!"

"நீ சும்மா இரு, உன்கிட்ட அப்புறம் வர்றேன்," என்றாள் வினாத்தாள். பிறகு மூலையறைப் பெண்ணிடம், "ஏம்மா?"

"அம்மா நர்ஸுக்கா. தொற்று வார்டு. பன்னெண்டு நாளா வீட்டுக்கே போகல. சாப்பிடக்கூட நேரமில்லாம ஓடறாங்க. எனக்கு மட்டும் எப்படிக்கா தொண்டையில இறங்கும்? டீயும் பிஸ்கெட்டும் போதும்னு இருந்துட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எங்கக்கா சொல்றது? நாற்பது ஜன்னலும் கேட்டுட்டிருக்கு. கைதட்ட வேற சொல்லிட்டீங்க."

வினாத்தாளுக்குச் சுருக்கென்றது. தான் கொண்டாடிய முற்றமே இந்தப் பெண்ணின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. தன் பார்சலிலிருந்த முட்டையை ஒரு மூடியில் வைத்துத் தரையோடு தள்ளினாள். அந்தப் பெண் பாதி தின்றாள். மீதியைத் திருப்பித் தள்ளவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

சாயங்காலம் பேராசிரியையிடம் போனில் எல்லாம் சொன்னாள்.

"பதிலெல்லாம் பாதி பொய் மேடம். நான் கேட்ட விதம் அப்படி. பழைய படிவங்களை ஒதுக்கிட்டேன். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

"உனக்குக் கெடு இருக்கு, தெரியுமில்ல? அது தவறினா பட்டம் ஒரு வருஷம் தள்ளிப் போகும்."

"தெரியும் மேடம். தள்ளிப் போகட்டும்."

சொல்லிவிட்டு அழுதாள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு முதல் பட்டதாரி அவள். ஒரு வருஷம் என்பது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை. இருந்தும் மறுநாள் எட்டு மணிக்கு முற்றத்தில் நின்றாள்.

"இனிமே பதிலைத் தாள்ல எழுதி மடிச்சுக் கதவடியில வைங்க, பேர் வேண்டாம். இன்னைக்கு மட்டும் நான் பதில் சொல்றேன். நேத்து ராத்திரி ஒரு பன்னு, ஒரு டீ. தண்ணி மூணு டம்ளர். தூக்கம் நாலு மணி நேரம். உடற்பயிற்சி, உங்களைப் பார்த்துக் கத்தினது மட்டும்தான். உணவியல் படிக்கிறவ லட்சணம் இது. சிரிச்சுக்கோங்க!"

சிரிப்பு மூன்று மாடியிலும் குலுங்கியது. கேட்காமலே பதில்கள் கொட்டின. ஒருத்தி மூன்று நாளாகக் குளிக்கவில்லை. ஒருத்தி பழத்தையெல்லாம் அணிலுக்குப் போட்டிருக்கிறாள். பக்கத்து அறைக்காரி, "ரெண்டு பார்சல்! ரெண்டு பார்சல்!" என்று தானே கூவினாள். மூலையறை கடைசியாகத்தான் வாய் திறந்தது.

"பாதி முட்டைக்கா. அப்புறம் மீதிப் பாதியும்."

யாரும் கைதட்டவில்லை. தட்டக்கூடாது என்று எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்று மதியம் மூலையறை ஜன்னல் திறந்தது. அந்தப் பெண் பார்சலை ஜன்னல் திட்டில் வைத்துப் பிரித்தாள். "அம்மா போன் பண்ணினாங்க. அவங்களும் இப்பத்தான் சாப்பிட உட்கார்றாங்களாம்," என்று கீழே பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு வாய் எடுத்து வைத்தாள். தலைக்கு நேரே உச்சி வெயில். வினாத்தாள் படிவ அட்டையை எடுத்துத் தலைக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, மேலே கடைசிக் கவளம் இறங்கும்வரை அங்கேயே நின்றாள்.