நாலு கிலோ லேப்டாப்பும் மாரியாத்தாளின் பூவும்

மாட்டுத் தரகரும் கம்ப்யூட்டர் விற்பவரும் பார்ப்பது ஒரே வேலைதான். என்ன, மாடு வாங்க வருகிறவருக்கு மாட்டைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். கால் கடுக்க நின்று, தொண்டை வறளப் பேசி, கடைசியில் "போயிட்டு வாரோமுங்க" என்ற ஒற்றை வார்த்தையை வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, நீங்கள் விற்றது சேலையோ, பம்புசெட்டோ, எதுவானாலும் நாமெல்லாம் ஒரே கட்சி. உங்களிடம் புலம்பாமல் நான் யாரிடம் புலம்புவேன்?

தொண்ணூறுகளின் கடைசியில், டிப்ளமோ முடித்த கையோடு, கோவை கிராஸ்கட் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி கரீம் பாய், கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அத்தா ரேடியோ விற்றவர், இவர் டேப்ரெக்கார்டர் விற்றவர். கம்ப்யூட்டரையும் அதே வாயால் விற்கலாம் என்று நம்பினார். அந்த வாய் நான்தான்.

கண்ணாடி அலமாரி மாப்பிள்ளை

கடையின் கண்ணாடி அலமாரியில் நீல வெல்வெட் துணி விரித்து ஒரு லேப்டாப்பை உட்கார வைத்திருந்தார் பாய். லேப்டாப் என்றால் இப்போது நீங்கள் பையில் செருகிக்கொண்டு போகிறீர்களே, அந்த ஒல்லிக்குச்சி இல்லை. மேசைக் கம்ப்யூட்டர் செய்கிற அத்தனையையும் செய்யும், சி.டி. போடலாம், ஃபிளாப்பி போடலாம், பதினாலு இஞ்சுத் திரை. எடை நாலு கிலோ, சார்ஜர் தனி. மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும்.

பார்க்க வந்தவர்களுக்குக் குறைச்சலே இல்லை. மில்காரர்கள் வந்தார்கள், வாத்தியார்கள் வந்தார்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள் வந்தார்கள். ஒருவர் முக்கால் மணி நேரம் என்னைத் திறக்கச் சொல்லி, மூடச் சொல்லி, மறுபடி திறக்கச் சொல்லி, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். ஆஹா, விழுந்துவிட்டார் என்று பில் புத்தகத்தை எடுத்தேன். அவர் கடையைச் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனம்மணி, கடையில ஆம்பளையாளுங்க யாரும் இல்லீங்களா? ஒண்ணுமில்ல, வெல கேக்கோணும்."

ஆட்டிப் பார்த்தவர்

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் பழனிசாமி தன் மகள் கவிதாவோடு வந்தார். கவிதாவுக்குச் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். அறைக்கு மூன்று பேர், ஒரே மேசை. பெரிய கம்ப்யூட்டரை உள்ளே விடமாட்டார்களாம். "கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளைக்குக் கம்ப்யூட்டரே இல்லீன்னா ஹாஸ்டல் எதுக்கு? பொள்ளாச்சியிலயே பி.காம். படிக்கட்டும்" என்று அவளுடைய தாய்மாமன் ஒரு குண்டைப் போட்டுவிட்டார். அதனால்தான் லேப்டாப் தேடி வந்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமைக்குள் காலேஜில் சேராவிட்டால் சீட் போய்விடும்.

முதலில் ஒரு இரண்டு கிலோ லேப்டாப்பைக் காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சோளப்பொரியைத் திருப்பிக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். சரி என்று அலமாரி மாப்பிள்ளையை எடுத்து வைத்தேன். இரண்டு கையாலும் தூக்கினார். முகத்தில் ஒரு திருப்தி வந்தது. அதோடு விட்டாரா? காதருகே வைத்து, தேங்காயை ஆட்டுவதுபோல நாலு ஆட்டு ஆட்டினார். நான் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றேன். கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "உள்ள ஒண்ணும் லொடலொடங்கலீங்க அம்மணி. சரக்கு கெட்டியாத்தான் இருக்குது."

ஒரு மணி நேர மாடு

மறுநாள் தாய்மாமன் சுப்பிரமணியும் கூட வந்தார். அந்தியூர்ச் சந்தையில் நல்ல குதிரைக்கே நாலு குற்றம் சொல்கிற ஆள் என்று பழனிசாமியே பெருமையாக அறிமுகம் செய்தார். அவர் லேப்டாப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்பக்கம் குனிந்து பார்த்தார். நான் கவிதாவைப் பிரிண்டர் காட்டுகிற சாக்கில் தள்ளிக்கொண்டு போய், "உங்க மாமாவுக்கு இதுல என்ன வந்துச்சு?" என்று கேட்டேன். "மாமாவுக்கு ஒரு பையன் இருக்காருங்க்கா. நான் காலேஜுக்குப் போயிட்டா அவுங்க கலியாணக் கணக்கு தப்பிப்போயிருமுங்க" என்றாள்.

திரும்பி வந்தால் மாமா கேள்வியோடு நின்றார். கரண்டு போனால் எத்தனை நேரம் ஓடும்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "ஒரு மணி நேரமுங்க, மிஞ்சிப்போனா ஒண்ணேகால்" என்று அரிச்சந்திரன் தங்கச்சி மாதிரி சொல்லிவிட்டேன். "ஒரு மணி நேரத்துல படுத்துக்கற மாட்டை யாராச்சு ஓட்டிட்டுப் போவாங்களா மச்சான்?" என்றார் மாமா.

பழனிசாமி யோசித்தார். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, முடிவெடுக்க முடியாவிட்டால் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப்பூ ஒன்று, சிவப்புப்பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் வேண்டாம். "வெள்ளிக்கெழம மாரியாத்தாகிட்ட, புள்ள ஹாஸ்டலுக்குப் போலாமான்னு பூக் கேட்டுப்போடலாம்" என்றார். கவிதா தலையைக் குனிந்துகொண்டு, "மாமா சொல்றதும் சரிதானுங்கப்பா. மெசின்தானுங்களே முக்கியம்? மெசின் வாங்கலாமான்னே கேட்டுப்போடுங்க" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. குற்றம் சொல்கிறவர் பக்கமே சாய்கிறாயே, மக்குப் பெண்ணே என்று மனசுக்குள் திட்டினேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தீங்களா மச்சான், புள்ளைக்கே வெவரம் தெரியுது."

பாய் தந்த அனுமதி

வியாழக்கிழமை பழனிசாமி போன் செய்தார். கண்ணால் பார்க்காத பொருளுக்கு ஆத்தா எப்படிப் பதில் சொல்வாள், மெசினைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். பேட்டரி உண்மையைச் சொன்னதற்கு ஏற்கெனவே என்னை வறுத்தெடுத்துக்கொண்டிருந்த கரீம் பாயிடம் பயந்து பயந்து சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டே அலமாரியைத் திறந்தார். பிறகு வெல்வெட் துணியையும் சேர்த்து மடித்துக் கொடுத்தார். "கொண்டுபோய்க் காட்டு சாந்தி. அங்கயாவது பேட்டரியைப் பத்தி வாயைத் தொறக்காத."

ஆத்தாளுக்கு டெமோ

உக்கடத்தில் பஸ் ஏறி, பொள்ளாச்சியில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ். நாலு கிலோ மடியில், சார்ஜர் தோளில். கோயிலில் போய் இறக்கி வைத்ததும் பூசாரி லேப்டாப்பின் மூடியில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்துவிட்டார். மூடியே கிடந்தால் ஆத்தாளுக்கு என்ன தெரியும் என்று ஒருவர் கேட்க, திறந்து ஓட விட்டேன். அது ஆரம்பிக்கும்போது ஒரு மெட்டுப் பாடுமே, அதைக் கேட்டு இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசாரி தூவிய திருநீற்றில் பாதி எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. அலங்காரம் முடிவதற்குள் பேட்டரியும் தீர்ந்து திரை இருண்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

பூசாரி சத்தமாகக் கேட்டார்: "ஆத்தா, இந்த மெசினை வாங்கலாமா, வேண்டாமா?" அங்கே வந்திருந்த ஒரு சின்னப் பாப்பா ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

"முடிஞ்சுது மச்சான். பொள்ளாச்சியிலயே சேத்துப்போடலாம்" என்றார் மாமா. பழனிசாமியின் முகம் செத்துப்போனது. மகளை அனுப்ப அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கவிதா நிதானமாகச் சொன்னாள்: "ஏனுங்கப்பா, ஆத்தா மெசின் வேண்டாம்னுதானுங்க சொல்லியிருக்கா? காலேஜ் லேப்லயே கம்ப்யூட்டர் இருக்குதுங்களே, அனாவசியமா எதுக்கு வாங்கறீங்கன்னு கேக்கறாளுங்க. ஹாஸ்டல் வேண்டாம்னு எங்கீங்க சொன்னா?"

மாமா திரும்பிப் பூசாரியைப் பார்த்தார். "கேட்டதுக்குத்தானுங்க ஆத்தா பதில் சொல்லுவா" என்றார் பூசாரி. அப்படியென்றால் ஹாஸ்டலைப் பற்றியும் இப்போதே கேளுங்கள் என்றார் மாமா. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளில் ஒரு கேள்விதான், இனி அடுத்த வெள்ளிக்கிழமைதான் என்று பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குள் திங்கட்கிழமை வந்து போய்விடும். பழனிசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். மாமாவைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். "மெசினுக்கு ஆத்தா பதில் சொல்லிப்போட்டா. ஹாஸ்டலுக்கு அப்பன் நான் சொல்றேன். துணிமணி எடுத்து வெய்யி கண்ணு."

பஸ் ஸ்டாப்பில்

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கவிதாதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. வியாபாரம் போச்சு, திருநீற்றை ஊதி எடுக்க ஒரு நாள் ஆகும், பாய் முகத்தில் எப்படி விழிப்பது? எரிச்சலில் கேட்டேவிட்டேன், "ஏன் கண்ணு, ஒருவேளை வெள்ளைப்பூ வந்திருந்தா என்ன பண்ணியிருப்பே?"

அவள் லேப்டாப்பை என் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வெள்ளை வந்திருந்தா மெசினோட போயிருப்பேனுங்க்கா. செவப்பு வந்துச்சு, மெசின் இல்லாமப் போறேன். ஹாஸ்டலைப் பத்திக் கேக்க உட்டிருந்தாத்தானுங்க பயம்."

வியாபாரம் பழகப் போன நான், என்னையும் நாலு கிலோவையும் சேர்த்து அந்தப் பெண் தன் மாமாவிடம் விற்றுக் காசாக்கிவிட்டாள் என்பதைப் புரிந்துகொள்வதற்குள் பஸ் உக்கடம் வந்துவிட்டது.