பயந்தவனுக்குத்தான் வேலை

"மூணாவது தட்டு வரைக்கும் போய்ட்டு வா" என்பார் சாரம் கட்டும் மேஸ்திரி, வேலை கேட்டு வருபவனிடம். ஏறி இறங்கியவனிடம் ஒரே கேள்வி: "பயமா இருந்துச்சா?"

"இதெல்லாம் ஒரு உயரமாண்ணே?" என்றால் போச்சு. "மவராசனா போய்ட்டு வா. சர்க்கஸ்ல ஆள் எடுக்கறாங்களாம்." "கால் உதறிடுச்சுண்ணே" என்பவனோடுதான் மேற்கொண்டு பேச்சு.

மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவர். ஆனால் எட்டு மாடியைக் கீழிருந்து ஒரு பார்வை பார்த்தே இத்தனை குழாய், இத்தனை கயிறு என்பார். ஒன்று கூடாது, குறையாது. முப்பது வருடத்தில் அவர் கட்டிய சாரம் அசைந்ததில்லை. இதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

பயத்தை அவர் தரம் பிரித்து வைத்திருக்கிறார். "எனக்குப் பயந்தவன் அவசரப்படுவான், விழுவான். உயரத்துக்குப் பயந்தவன் முடிச்ச ரெண்டு தரம் இழுத்துப் பாப்பான். ஊரே 'பயப்படாத'ன்னு தைரியம் சொல்லுது. நம்ம தொழில்ல அது சாபம்யா."

மனைவியின் தம்பி வேலை கேட்டு வந்தான். ஏறி இறங்கி, "ரொம்பப் பயந்துட்டேன் மாமா" என்றான். "நம்ம வீட்டுப் பிள்ளைல்ல!" என்று முதுகில் தட்டிச் சேர்த்துக்கொண்டார். நாலாம் மாதம், ஆறாவது மாடியில், இடுப்புக் கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பலகையில் ஓடியிருக்கிறான். சாரம் அசையவில்லை. அவன்தான் கீழே கிடந்தான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து மனைவி வாய் திறந்தாள். "அவனுக்குப் பயமே கிடையாதுங்க. வேலை கிடைக்கட்டும்னு நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்." அதன்பிறகு அவள் அவர் முகம் பார்த்துச் சோறு போட்டதில்லை.

கேள்வியை அவர் விடவில்லை. பதில் சொல்பவனின் உள்ளங்கையையும் பிடித்துப் பார்க்கிறார். வியர்த்திருந்தால்தான் வேலை.

போன வாரம் மருமகன் வந்து நின்றார். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், மகளுக்கு ஏழாம் மாதம்.

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை இந்த வேலை?"

"வேற எங்கயும் கிடைக்கல மாமா."

ஏறினார். இறங்கினார்.

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு மாமா."

மேஸ்திரி கையைப் பிடித்தார். ஈரம். விட்டுவிட்டு, தன் உள்ளங்கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தார். ஈரம்தான், யாருடையதென்றுதான் தெரியவில்லை. மறுபடியும் தன் கையைத் துடைத்தார்.