ஒரு மெய்ப்புத் திருத்துநரும் முப்பத்திரண்டு அங்குல மானிட்டரும்

மெய்ப்புத் திருத்துபவர் பிடித்த பிழை ஒருவர் கண்ணிலும் படாது. அவர் விட்ட பிழையோ ஊரார் அனைவர் கண்ணிலும் படும். இதே தொழிலில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருக்கும் தோழர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின், செஞ்சிப் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் உள்ள ஓர் அச்சகத்தில் இவ்வேலையைச் செய்தேன். உரிமையாளர் தரணேந்திரன், மேல்சித்தாமூர்க்காரர். பொழுது சாய்வதற்குள் உண்டுவிடும் சமணர் வழக்கத்தை விடாதவர். ஆதலால் ஐந்து மணிக்கே எங்கள் கடையில் கதவு இறங்கிவிடும். தட்டச்சும் பக்க வடிவமைப்பும் கலா என்பவரின் பொறுப்பு. மூவருக்கும் சேர்த்து ஒரே மானிட்டர், பதினேழு அங்குலம். ஓய்வுக்குப் பிறகு ஒரே நாளிதழை இருமுறை படிக்கும் மனிதனாக ஆகிவிடாமல் என்னைக் காத்தது அந்த மானிட்டரின் முன்னிருந்த நாற்காலிதான்.

எட்டுக்கு மேல், ஏழுக்குள்

விவசாயி ஒருவர் தம் மகளின் திருமண அழைப்பிதழை எங்களிடம் கொடுத்தார். அவர் எழுதித் தந்த தாளில், காலை 6 மணிக்கு மேல் 7 மணிக்குள் முகூர்த்தம் என்றிருந்தது. கலா அந்த ஆற்றை... இல்லை, அந்த எண்ணை, எட்டாகத் தட்டிவிட்டார். நான் மூன்று முறை படித்தேன். ஒற்றுகளையெல்லாம் சரிபார்த்தேன், காற்புள்ளி ஒன்றை இடம் மாற்றினேன். எட்டு மட்டும் எனக்கு ஆறாகவே தெரிந்தது.

ஐந்நூறு அழைப்பிதழ்களையும் கட்டோடு தூக்கிக்கொண்டு மறுநாள் அவர் வந்தார். கத்தியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. ஸ்டூலை என் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிகவும் பணிவாகக் கேட்டார்:

"வாத்தியாரே, எட்டு மணிக்கு மேல ஏழு மணிக்குள்ள தாலி கட்டணும்னு போட்டிருக்குது. அப்ப மாப்ளைய மொத நாளே மணவறைல குந்த வெச்சிடட்டுமா?"

ராஜினாமா

அன்று மாலையே விலகல் கடிதம் ஒன்றை எழுதித் தரணேந்திரனிடம் நீட்டினேன். அவர் அதைப் பிரிக்காமலேயே என் சட்டைப்பையில் திரும்பச் செருகினார். இன்னொரு பிழையை விட்டால் இக்கடிதம் தானாகவே நடைமுறைக்கு வரும் என்று அறிவித்தேன். அதே மூச்சில், குற்றம் என்னுடையதன்று, அந்தப் பதினேழு அங்குல மானிட்டருடையது என்றும் விளக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி வெளியே ஓடிவிடுகிறது. வரியை முழுதாக வைத்தால் எழுத்து கடுகாகிவிடுகிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் விடைத்தாள் திருத்திய கண் பொய் சொல்லுமா? அவர் என்னை நம்பினார். அந்த நம்பிக்கையை இன்று நினைத்தாலும் நெஞ்சு இளகுகிறது.

"நீங்களும் பூட்டா, இந்தக் கடைல நான் யாரக் கண்டு சார் பயப்படுறது? ஆள மாத்த வேணாம், மானிட்டர மாத்துவோம். கலாவ இட்டுக்கினு போய் நல்லதா பாத்துட்டு வாங்க."

கிளி

திண்டிவனத்துக் கடை ஒன்றில் சுவர் முழுவதும் மானிட்டர்கள். எல்லாவற்றிலும் ஒரு கிளி இறகை விரித்துக்கொண்டிருந்தது. விற்பனையாளர் ஒவ்வோர் இறகாகக் காட்டி, இது சாதாரணத் திரையைப் போல நான்கு மடங்கு புள்ளிகள் உடையது என்றார். கிளியை யார் திருத்தப் போகிறார்கள்? நான் பையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்து, அதிலுள்ள அழைப்பிதழைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு மானிட்டராகத் திறந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று, விநாயகர் துணை முதல் அச்சக முகவரி வரை படித்தேன். பதினோராவது மானிட்டரில் அவருடைய பொறுமை தீர்ந்தது.

"எல்லாரும் கிளியப் பாத்துட்டு வாங்கிக்கினு போயிடுவாங்க சார். நீங்க ஒருத்தர்தான் பத்திரிகையோட வந்திருக்கீங்க. அந்தக் கல்யாணத்துக்கு நானும் வந்துடுறேன், ஏதாவது ஒண்ண முடிவு பண்ணுங்க."

கலாவின் கேள்விகள்

நான் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வாய் திறவாத கலா விற்பனையாளரை ஒரு பக்கம் ஒதுக்கி நிறுத்திக் கேள்விகளை அடுக்கினார். நொடிக்கு எத்தனை முறை படம் மாறும்? வேகமாக ஓடினால் பின்னால் நிழல் விழுமா? இருட்டான மூலையில் ஆள் நின்றால் தெரியுமா? அழைப்பிதழில் எந்த ஆள் இருட்டு மூலையில் நிற்கப் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் பேருந்தில் கேட்டேன். உணவு இடைவேளையில் அவர் கணினியில் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறாராம். குவைத்தில் இரவுக் காவல் வேலை பார்க்கும் அவருடைய கணவர், பணி முடிந்து அறைக்கு வந்ததும், எதிரியாக அன்று, கூட்டாளியாகச் சேர்ந்துகொள்கிறாராம். நாள்தோறும் அரை மணி நேரம். இரண்டு பிள்ளைகளின் தாய், முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார்:

"போன்ல பேசினா பத்து நிமிஷத்துல சண்ட வந்துடுது சார். சேந்து நாலு பேர சுட்டா, சண்டையே வர்றதில்ல."

மூலைக்கு மூலை

வேலைக்கு நான், விளையாட்டுக்குக் கலா என்று இருவரும் ஒப்புக்கொண்டது ஒரு முப்பத்திரண்டு அங்குல மானிட்டர். தரணேந்திரன் தச்சரை அழைத்து, சுவரில் சரியாக முப்பத்திரண்டு அங்குல அகலத்துக்கு மாடம் போலப் பலகை அடித்து வைத்தார். மானிட்டர் வந்து சேர்ந்ததோ அமாவாசையன்று. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகளுக்கிடையே சிக்கி, வேன் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. தூக்கி வைத்தால் இருபுறமும் இரண்டிரண்டு அங்குலம் சந்து! தரணேந்திரன் அளவுநாடாவைப் பிடித்துப் பார்த்தார், அகலம் இருபத்தெட்டுதான். உடனே திண்டிவனத்துக்குத் தொலைபேசி. மானிட்டரை மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குத்தான் அளப்பார்கள் என்று மறுமுனையில் பொறுமையாக விளக்கினார்கள். பரம்பரையாக நிலம் வைத்திருக்கும் தரணேந்திரன், கேட்டுவிட்டுத் தொலைபேசியை என்னிடம் கொடுத்தார்.

"நெலத்த எவனாவது மூலைக்கு மூல அளந்து விப்பானா சார்? இவனுங்க பேச்ச நீங்களே கேளுங்க."

எறும்பு

நான்கு மடங்கு புள்ளிகள் என்றால் எழுத்தும் நான்கு மடங்கு பெரிதாகும் என்றே நான் எண்ணியிருந்தேன். மின்விசையைப் போட்டதும் நடந்தது நேர்மாறு. அவ்வளவு பெரிய திரையில் எங்கள் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் பட்டியல்கள் எறும்பு வரிசையாகச் சுருங்கி ஓர் ஓரத்தில் நின்றன. புள்ளிகள் மிகுந்தால் ஒவ்வொன்றும் சிறுக்கும் என்பதைக் கிளி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கலாவின் விளையாட்டும் தப்பவில்லை. எங்கள் பழைய கணினியால் அத்தனை புள்ளிகளை இழுக்க முடியாமல், அவருடைய வீரர் ஒரு காலைத் தூக்கினால் அடுத்த காலைத் தூக்க நெடுநேரம் ஆயிற்று. இறுதியில் கலா எங்கோ அழுத்திப் புள்ளிகளைக் கால்வாசியாகக் குறைத்தார். எழுத்தும் பெருத்தது, வீரரும் ஓடினார்.

"நாலு ரூம் ஊடு கட்டிட்டு, ஒரு ரூம்ல படுத்துக்கினு இருக்கோம் சார். மொதலாளிகிட்ட சொல்லிடாதீங்க."

எல்லாம் மஞ்சள்

ஆயினும் வெண்மை வெண்மையாக இல்லை. தேநீர் சிந்தி உலர்ந்தது போல ஒரு மஞ்சள். புகார் செய்தேன், வேறொன்று மாற்றித் தந்தார்கள். அதுவும் மஞ்சள். இதற்கிடையே அவ்வளவு பெரிய எழுத்திலும் ஒரு மூன்றை எட்டென்று படித்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் கலா பிடித்துவிட்டார். சட்டைப்பையில் இருந்த கடிதம் கனத்தது.

திண்டிவனத்து விற்பனையாளர் நேரில் வந்தார். புதிய வெள்ளைத்தாள் ஒன்றை மானிட்டரின் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒரே நிறந்தானே என்றார். ஆம், ஒரே நிறந்தான். எனவே தாளும் மட்டம் என்றேன். தாள் கொடுக்கும் கடையை மாற்றுமாறு தரணேந்திரனுக்கு அறிவுரை கூறினேன். அவர் எழுந்து நின்றபோது, வேட்டியையும் யாரோ சரியாக வெளுக்கவில்லை என்று சுட்டிக்காட்டினேன். சித்திரை வெயிலில், வாசலிலிருந்து கோட்டை மலை தெரியவில்லையே, பனிமூட்டமா என்றும் கேட்டேன். கலா நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வது போல மெல்லச் சொன்னார்:

"மானிட்டர் மஞ்ச, பேப்பர் மஞ்ச, மொதலாளி வேட்டி மஞ்ச. மூணையும் பாக்கறது ஒரே ஆளு சார்."

முப்பது நாள்

புதுச்சேரியில் கண் மருத்துவர் இரு கண்களிலும் புரை முற்றியிருப்பதாகச் சொன்னார். ஒவ்வொன்றாக அறுவை செய்து வில்லை பொருத்தினார்கள். ஒரு மாதம் திரையைப் பார்க்கக் கூடாது. நாற்காலி கைவிட்டுப் போயிற்று என்றே எண்ணினேன். தரணேந்திரனோ வேறு ஆளை வைக்காமல், நாள்தோறும் என்னை அழைத்துவரச் செய்தார். கறுப்புக் கண்ணாடியோடு நான் சாய்ந்திருக்க, கலா உரக்கப் படிப்பார். பெயர்களை எழுத்தெழுத்தாக, எண்களை இரண்டு முறை, நிறுத்தற்குறிகளைப் பெயர் சொல்லி. கேட்டுக் கேட்டே திருத்தினேன். அந்த மாதத்தில் ஒரு பிழையும் வெளியே போகவில்லை. ஒன்றரை மணியானால் கலா படிப்பதை நிறுத்துவார், துப்பாக்கி வெடிக்கும், குவைத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்கும். இன்று கலாவும் குவைத்தில் இருக்கிறார். அச்சகத்தில் அழைப்பிதழ்களைவிடப் பதாகைகள்தாம் மிகுதி. என் பணிக்காலம் முழுவதிலும் எந்த மாதத்தை மீண்டும் தரலாம் என்று யாரேனும் கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த மாதத்தைத்தான் கேட்பேன்.

கண்ணாடியைக் கழற்றிய முதல் நாள் மானிட்டரைப் பார்த்தேன், பால் போலிருந்தது. அந்த மகிழ்ச்சியில் கலாவின் பக்கம் திரும்பி, "ஏம்மா, உனக்கு இவ்வளவு நரைத்திருக்கிறதே!" என்றேன்.

"அது ஆறு வருஷமா நரைச்சிக்கினுதான் சார் இருக்குது. கண்ணு தெரியாத வரைக்கும் எவ்ளோ நல்ல மனுஷனா இருந்தீங்க!"

சுவர் மாடத்துத் திரையைத் தேர்ந்தெடுக்கப் பதினோரு மானிட்டர்களின் முன் நின்று படித்த நான், சாகும்வரை கண்ணுக்குள் இருக்கப்போகும் வில்லையைக் கால் மணி நேரத்தில், மருத்துவர் நீட்டிய முதல் தாளிலேயே கையெழுத்திட்டுத் தேர்ந்தெடுத்தேன்.