அப்புச்சியைத் தேடி எந்த டிபார்ட்மெண்டுக்குப் போவது?

டிவி பார்க்கும்போது நீங்கள் என்னைக் கேட்டிருக்கிறீர்கள், "அப்பா, செய்தி வாசிக்கிறவங்கதான் பாட்டும் போடுவாங்களா?" என்று. நான் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். உண்மையில் ஒரு நாள் முழுக்க ஒரு டிவி கம்பெனிக்குள் சுற்றி வந்தவன் நான். அப்படியும் அங்கே யார் எதற்குப் பொறுப்பு என்பது இன்றுவரை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. புரிந்தவரைக்கும் எழுதுகிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் அப்போது ரொம்பச் சின்னவர்கள். அம்மாவின் அப்பா, உங்கள் அப்புச்சி, கொமரலிங்கத்திலிருந்து வந்து நம்மோடு தங்கியிருந்தார். ஏற்கெனவே அவருக்கு மறதி வரத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலையில் வெற்றிலை வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. நாம் இருந்ததோ லைன் வீடு. எல்லாச் சந்தும் ஒரே மாதிரி இருக்கும், எல்லாக் கதவுக்கும் ஒரே பச்சை பெயிண்ட். எனக்கே சில நாள் தடுமாறும். அவர் என்ன செய்வார்?

தேடாத இடமில்லை. அம்மா அழுதுகொண்டே பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். போகும்போது என்னைப் பார்த்து, "இப்படியே நின்னுட்டு இருந்தா எங்கப்பா வந்துருவாருங்களா? கேபிள் டிவில போடச் சொல்லுங்க. வெசயா போங்க" என்றாள்.

நம் ஊரில் அப்போது உள்ளூர் சேனல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு மாடிக் கட்டடம். நான் கல்யாண ஆல்பத்திலிருந்து அப்புச்சி இருக்கும் போட்டோ ஒன்றை உருவி எடுத்துக்கொண்டு படியேறினேன். என் மனசில் இருந்த டிவி கம்பெனி, நான் செக்கிங்கில் வேலை பார்க்கும் பனியன் கம்பெனி மாதிரிதான். கட்டிங்கில் வெட்டுவார்கள், டெய்லர் தைப்பார், செக்கிங்கில் நாங்கள் பார்ப்போம், அயர்ன், பேக்கிங், முடிந்தது. ஒரு பீஸ் உள்ளே போனால் அந்தப் பக்கம் பெட்டியாக வெளியே வரும். அதுபோல அப்புச்சி போட்டோவை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் டிவியில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

ரிசப்ஷனில் இருந்த பெண், "எந்த டிபார்ட்மெண்டுங்க பாக்கோணும்?" என்றாள்.

"டிவி டிபார்ட்மெண்டுங்க" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நல்ல பெண். "ஆளக் காணோமுன்னா நியூஸ்ல கேட்டுப் பாருங்கண்ணா" என்று இடதுபக்கக் கதவைக் காட்டினாள்.

நியூஸ் அறையில் கண்ணாடி போட்ட ஒருவர் இரண்டு போனில் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"ஏனுங்க, பெரியவரு காணாமப் போயிட்டாருன்னா அது அறிவிப்புங்க. அது எங்களுதில்ல. கெடச்சுட்டாருன்னு வெச்சுக்கங்க, அப்ப அது செய்தி. எங்களுது."

"கெடச்சுட்டாருன்னா நான் எதுக்குங்க இங்க வாறேன்?"

"அதுஞ் சரிதான்" என்றார். "மார்க்கெட்டிங்குக்குப் போங்க."

மார்க்கெட்டிங் என்றால் துணி விற்கிறவர்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே என்ன விற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே போனேன். டை கட்டிய ஒரு தம்பி இருந்தார். விற்பது நேரமாம். பத்து விநாடி, இருபது விநாடி என்று துண்டு துண்டாக விற்கிறார்களாம். விற்ற துண்டுக்குள் வேறு யாரும் எதையும் போட முடியாதாம். அப்புச்சி அறிவிப்புக்குக் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "ஆனா நாங்க இடம் ஒதுக்கிக் குடுத்தாத்தானுங்க போகும். நாங்க ஒதுக்கினாலும் கிராபிக்ஸ்ல செஞ்சு குடுத்தாத்தான் போகும். அவங்க செஞ்சாலும் கண்ட்ரோல் ரூம்ல ஏத்தினாத்தான் போகும்."

"அப்ப இங்க யாருங்க முதலாளி?"

"முதலாளி கோயமுத்தூர் போயிருக்கறாருங்க."

கிராபிக்ஸ் என்பது ஏசி ஓடும் இருட்டு அறை. அங்கே இருந்த பெண் என் போட்டோவை வாங்கி, பக்கத்தில் நின்ற என்னையும் அம்மாவையும் கம்ப்யூட்டரில் வெட்டி எறிந்துவிட்டு அப்புச்சியை மட்டும் வைத்துக்கொண்டாள். மேலே சிவப்பில் "காணவில்லை". கீழே வயது, நிறம், உடுத்தியிருந்த வேட்டி, சட்டை. அதற்கும் கீழே ஒரு போன் நம்பர். ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பி, "பாத்து ஓகே சொல்லுங்கண்ணா" என்றாள்.

கண்ணுகளா, பார்த்துச் சொல்லுவதுதானே என் பிழைப்பு. நெருங்கிப் போய்ப் பார்த்தேன். முகத்தில் கறை இருக்கிறதா, ஓரம் கோணலாக வெட்டியிருக்கிறதா, சிவப்பு இந்த மூலையிலும் அந்த மூலையிலும் ஒரே ஷேடுதானா, எழுத்து வரிசை ஏறி இறங்கியிருக்கிறதா. எல்லாம் சுத்தம். கீழே இருந்த நம்பர் என் செல்போன் நம்பர் இல்லை என்பதும் கண்ணில் பட்டது. ஆனால் எங்கள் கம்பெனியில் செக்கிங் டேபிளில் இருப்பவன் துணியைத்தான் பார்ப்பான். லேபிள் பார்ப்பது வேறு டேபிள். லேபிளில் நாங்கள் வாய் வைத்தால் சூப்பர்வைசர், "உன்ற வேலையப் பாருடா" என்பார். இங்கேயும் நம்பருக்கு என்று ஒரு டேபிள் இருக்கும், அவர்கள் பார்த்து மாற்றுவார்கள் என்று நினைத்தேன்.

"ஓகேங்க" என்றேன்.

அப்படி ஒரு டேபிளே அங்கே கிடையாது. எல்லாச் சிலைடிலும் கீழே தானாக வந்து நிற்கும் டிவி கம்பெனி நம்பர் அது.

ரிசப்ஷனில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதில் அப்புச்சி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது அடிக்கவில்லை. மறுபடி அப்புச்சி வந்தார். மறுபடியும் அடிக்கவில்லை. என் முன்னால் அந்தப் பெண்ணின் மேஜை போன்தான் விடாமல் அடித்தது. அவள் எடுத்து, "டிவில பாத்தீங்களா? லைன்ல இருங்க" என்று எங்கெங்கோ மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். விளம்பரம் என்றால் மார்க்கெட்டிங், புகார் என்றால் டெக்னிக்கல், மற்றதெல்லாம் புரோகிராம். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். என் விஷயமாகத்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

டிவியில் அப்போது நேயர்கள் போன் செய்து பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. பட்டுப்பாவாடை கட்டிய ஒரு பெண், "வணக்கம், யாரு பேசறீங்க?" என்றாள்.

"அம்மா, நான் வீரபாண்டில இருந்து பேசுறேன். தண்ணி டேங்க்குக்குப் பின்னாடி." போனில் ஒரு பெண் குரல், தெக்கத்திப் பேச்சு. "எனக்குப் பாட்டெல்லாம் வேணாம்மா. இந்தப் பெரியவரு எங்க வீட்லதான் இருக்காக."

"ஓ, தாத்தாவுக்காகக் கேக்கறீங்களா? தாத்தாவுக்கு எந்தப் பாட்டு புடிக்கும்?"

"இல்லம்மா, நீங்க காட்டுனீகல்ல, காணோம்னு..."

"தாத்தாகிட்டக் குடுங்க, அவரையே கேட்டுருவோம்!"

நான் எழுந்து நின்றுவிட்டேன். டிவிக்குள்ளிருந்து அப்புச்சியின் குரல் வந்தது. "அலோ. யாருங்க? எங்க மாப்ள அங்க இருக்காருங்களா?"

"இங்கதானுங்க மாமா இருக்கறேன்!" என்று டிவியைப் பார்த்துக் கத்தினேன்.

"மாப்பிள்ளைக்காகவும் சேத்து ஒரு அருமையான பாட்டு!" என்றாள் பட்டுப்பாவாடை. பாட்டு வந்துவிட்டது. லைன் போய்விட்டது.

நான் ஓடினேன். நியூஸ் அறைக் கதவைத் திறந்தேன், அது நியூஸ் அறை இல்லை. அடுத்ததைத் திறந்தேன். அங்கே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு. அதுதான் கண்ட்ரோல் ரூம். உள்ளே இருந்தவர் காதில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு, "லைனை எனக்குக் குடுப்பாங்க, நேரமாச்சுன்னா கட் பண்ணுவேன், அவ்வளவுதானுங்க என்ற வேலை. யாரு, எந்த நம்பருன்னு புரோகிராம்லதான் தெரியும்" என்றார். புரோகிராம் அறையில் யாரும் இல்லை. அவர்கள் ஸ்டுடியோவில். ஸ்டுடியோ வாசலில் சிவப்பு லைட். லைட் எரிந்தால் முதலாளியே போகக்கூடாதாம்.

கண்ணாடிக்காரர் எங்கிருந்தோ வேகமாக வந்தார். "பெரியவரு கெடச்சுட்டாராட்டம்? அப்ப செய்திங்க! கேமராமேன் வரட்டும், சேந்தே போலாம்."

"கேமரா எப்பங்க வரும்?"

"அது டெக்னிக்கல் கையில இருக்குதுங்க."

நான் நிற்கவில்லை. என் டிவிஎஸ் மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீரபாண்டிக்குப் போனேன். தண்ணீர் டேங்க்குக்குப் பின்னால் மூன்றாவது வீடோ நான்காவது வீடோ, வாசலில் நின்ற ஒரு அக்கா, "ஐயா, பாட்டுக் கேட்ட பெரியவருக்கு மாப்பிள்ளை நீங்கதானா?" என்றார். உள்ளே அப்புச்சி இட்லி சாப்பிட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் சாயப்பட்டறை ஓரமாக நடந்து வந்தவரை அந்த அக்காவின் வீட்டுக்காரர் கூட்டிவந்து உட்கார வைத்திருக்கிறார். அக்கா நம் நம்பர் என்று நினைத்து டிவி கம்பெனிக்கு எத்தனையோ முறை அடித்திருக்கிறார். ஒருமுறை விளம்பரம் தரணுமா என்றார்களாம், ஒருமுறை படம் தெளிவாக வருகிறதா என்றார்களாம்.

"வாங்க மாப்ள. நீங்களும் இங்க குடி வந்துட்டீங்களா?" என்றார் அப்புச்சி.

வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் அவர் மடியில். அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் டிவி போட்டால் அப்புச்சி வருகிறார். சிவப்பில் "காணவில்லை". ஏற்றச் சொல்ல ஆள் இருந்தார்கள், இறக்கச் சொல்வது யார் வேலை என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. பாட்டுக்கு நடுவில் வந்தார், நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னால் வந்தார். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் கதவைத் தட்டி, "இன்னுங் கெடைக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் குழம்பிப் போனார்கள்.

அப்புச்சி டிவியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு முறை சிலைடு வரும்போதும் கழுத்தை நீட்டிப் பார்த்தார். மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்புள்ள, இந்தப் பெரியவரு இன்னும் ஊடு சேரலயாட்டம் இருக்குது. பாவம். சாப்புட்டாரோ என்னமோ. அவிய ஊட்ல எப்படித் தேடுவாங்க?"

அம்மா டிவியை அணைத்தாள். அவர், "போடு புள்ள, கெடச்சா சொல்லுவாங்க" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி அவிநாசி ரோட்டுக்குக் கிளம்பினேன். எந்தக் கதவைத் தட்டினால் அவர் கிடைத்துவிட்டதாகப் போடுவார்கள் என்று போகிற வழியெல்லாம் யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.