விரல் படாத பிஸ்கட்

வாசலில் சைக்கிள் மணி கேட்டால் இன்றும் என் கை செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிடுகிறது. அன்று மகள் படிக்கும் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த சேவகர் சைக்கிளை விட்டு இறங்காமலே, "உங்க பொண்ணு மயங்கி வுழுந்துட்டாங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குப் பயமே வந்தது. புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ரிக்‌ஷாவில் போகும்போது வழியில் இருந்த எல்லாக் கோயிலுக்கும் வேண்டிக்கொண்டேன். மாதா கோயிலையும் விடவில்லை.

போய்ப் பார்த்தால் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. "ஒழுங்கா சாப்பிடறதில்ல, வேற ஒண்ணுமில்ல" என்று டாக்டர் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. தினமும் தூக்கில் சாதம் கட்டித் தருகிறேன். மாலையில் அது காலியாக, கழுவித்தான் வருகிறது.

அவள் பையைத் திறந்தேன். அன்றைய சாம்பார் சாதம் தொடாமல் இருந்தது. பக்கத்தில் பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

"அப்ப தெனமும் தூக்கக் காலி பண்ணது யாரு?"

கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அவளுடைய வகுப்புத் தோழி தலையைக் குனிந்தாள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் கடலூர்ப் பெண். "நான்தாம்மா. ஹாஸ்டல் சோத்த ஒரு நாள் சாப்ட்டுப் பாருங்க, என்னத் திட்ட மாட்டீங்க."

"அதான் பாக்கறேன். ஒண்ணு எளச்சிருக்கு, ஒண்ணு பெருத்திருக்கு."

மகள் சிரித்தாள். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு அவளே சொன்னாள். காலை முழுவதும் பிணத்தை அறுத்துப் படிக்க வேண்டும். பிணம் கெடாமலிருக்க ஊற்றும் மருந்தின் நெடி, எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போவதில்லை. "சோத்தப் பெசஞ்சா அந்த நெடி சோத்துல ஏறிடுதும்மா. பிஸ்கட்டுன்னா தாளோட புடிச்சிக் கடிச்சிக்கலாம். வெரல் படாது."

"இவ மட்டும் எப்பிடி சாப்பிடறா?"

"அவளுக்கு மூக்கு, எனக்கு வயிறு" என்றாள் தோழி.

கரண்டி வைத்து அனுப்புகிறேன் என்றேன். மகள் முகத்தைச் சுளித்தாள். "மருந்து குடிக்கற மாதிரி இருக்கும். பிரெஞ்சுக்காரங்க ஆபீசுல அத்தினி வருஷம் இருந்தும் அப்பாவே கையாலதான சாப்பிடறாரு?"

அவள் வகுப்புக்குத் திரும்பிய நாள் காலையில் பருப்புப் பூரணம் வைத்து உப்புக் கொழுக்கட்டை பிடித்தேன். ஒவ்வொன்றையும் வாழையிலைத் துண்டில் சுற்றி வேகவைத்து, இலையோடே அடுக்கி அனுப்பினேன். இலையைப் பிடித்துக்கொண்டு கடித்தால் போதும். மாலையில் தூக்கு நிறையச் சுருண்ட இலைகள் வந்தன. உடனே நம்பிவிடவில்லை.

"நீதான் சாப்ட்டியா?"

"நான்தாம்மா. அவ எம்மேல கோவமா இருக்கா. நாளைக்கு அவளுக்கும் சேத்து வையி."

பைக்குள் அன்றும் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருந்தது. இது எதற்கு என்று கேட்டேன்.

"இது பசிக்கில்லம்மா. அந்தப் பொணம் அறுக்கற கூடத்துலேந்து வெளிய வந்ததும் எல்லாருமா காலேஜ் வாசல்ல இருக்கற பெட்டிக்கடைக்குத்தான் போவோம். அங்க நின்னு கடிச்சிக்கிட்டு எதையாவது பேசி சிரிச்சாதான் மறுபடி உள்ள போக முடியுது."

பொட்டலத்தின் வாயை மடித்து அவள் பைக்குள்ளேயே வைத்தேன். ராத்திரி, மறுநாள் கொழுக்கட்டைக்கு இன்னும் கொஞ்சம் அரிசி ஊறப்போட்டேன்.