ஹியரிங் ஓகே

வாலாஜாபாத் டாக்டரிடம் அன்றைக்கு அம்மாவைப் பேசவிட்டிருந்தால் என் வலது காது பிழைத்திருக்குமோ என்னவோ. பிழைத்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஆனால் அம்மாவைப் பேசவிடாதது நான்தான்.

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எந்தக் காகிதம் வந்தாலும் அப்பா கட்டைவிரலை நீட்டுவார். அம்மா அந்த வேலையையும் அப்பாவிடமே விட்டுவிடுவாள். ரிசல்ட் வந்த கோடையில் காவாந்தண்டலத்துத் தெருவில் நான் நடந்த நடையே வேறு. ஆசிரியர் பயிற்சிக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பாகவே அந்த மனுவைப் பற்றிச் சொல்லிவிடுவேன்.

அப்படியிருந்த ஒரு காலையில் வலது காது அடைத்துக்கொண்டு எழுந்தேன். முந்தின நாள் பம்புசெட்டில் தலை முழுகியிருந்தேன். தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தேன். எதுவும் வரவில்லை. மதியத்துக்குள் காதுக்குள்ளே ஒரு சத்தம் ஆரம்பித்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டு இஞ்சினை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விடுவார்களே, அந்த மாதிரி. படுத்தால் அதிகமாயிற்று. தலையணையில் அழுத்தினால் இன்னும் அதிகமாயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. டீச்சர் வேலைக்கு உடம்பு சரியாக இருக்கிறது என்று சர்டிபிகேட் வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். காது மந்தம் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அவ்வளவுதான் என்று பயம்.

குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை என் வலது பக்கத்தில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். எனக்கு விழவில்லை. கிட்டே வந்து தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"எத்தினி வாட்டிடீ கூவறது? இங்கிலீஷ் பூந்த காதுல தமிழு பூராதா?"

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்குத் திமிர் என்று அவர்கள் நினைத்தது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. செவிடி என்பதற்குத் திமிர் பிடித்தவள் என்பது எவ்வளவோ மேல்.

அம்மாவை ஏமாற்ற முடியவில்லை. மூன்றாம் நாள் என் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒரு தட்டை எடுத்து வலப்பக்கம் தட்டினாள், இடப்பக்கம் தட்டினாள். நான் எந்தத் தட்டுக்குத் திரும்பினேன் என்று பார்த்துவிட்டு, "கெளம்பு. டாக்டராண்ட போலாம்" என்றாள். உள்ளே சத்தம் கேட்பதையும் அப்போதுதான் அவளிடம் சொன்னேன்.

பஸ்ஸில் போகும்போது நான் மனதுக்குள் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். காதுக்கு இயர். அது தெரியும். இரைச்சலுக்கு என்ன? சத்தம் என்றால் சவுண்ட். காதுக்குள் சவுண்ட் என்று சொன்னால் சிரிப்பாரோ? கேட்கவில்லை என்பதற்கு டெஃப் என்று ஒரு வார்த்தை உண்டு. எங்கள் பாடத்தில் அது ஊமையோடு சேர்ந்து டெஃப் அண்ட் டம்ப் என்றுதான் வரும். அதை என் வாயால் என்னைப் பற்றிச் சொல்ல மாட்டேன். கடைசியில் எனக்குத் தப்பில்லாமல் தெரிந்தது ஒன்றுதான். லீவ் லெட்டரில் எழுதுவோமே, அந்த மாதிரி. வயிற்று வலிக்கு ஸ்டொமக் பெயின். காதுக்கு இயர் பெயின்.

டாக்டர் நடுவயதுக்காரர். எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் முறை வந்ததும் அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மூணு நாளா சாமி, இவுளுக்கு சோத்தாங்கை பக்கத்து காது அடச்சிக்கினு கீது. உள்ள கொய்ய்னு கூவிக்கினே கீதாம். கூப்ட்டா..."

சோத்தாங்கை என்ற வார்த்தையிலேயே எனக்கு உடம்பு கூசிவிட்டது. பக்கத்தில் வெள்ளைப் புடவை நர்ஸ் நின்றிருந்தாள். "அம்மா, நீ சும்மா இரு. உனக்குச் சொல்லத் தெரியாது" என்றேன். பிறகு டாக்டரைப் பார்த்து, "குட் மார்னிங் டாக்டர். ஐ ஹேவ் இயர் பெயின்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எது வரை படித்திருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "வெரி குட்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் மட்டுமே பேசினார், எனக்கு மரியாதை செய்கிறவர் போல ஆங்கிலத்திலேயே பேசினார். எந்தக் காது, எத்தனை நாள் என்று கேட்டார். ரைட், த்ரீ டேஸ் என்றேன். டார்ச் அடித்துக் காதுக்குள் பார்த்தார். நோட்டில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் இன்னொரு கேள்வி கேட்டார்.

"இயர்ரிங் ஓகே?"

எனக்கு அப்படித்தான் கேட்டது. பாஸானதற்காக அப்பா புதுக் கம்மல் வாங்கிக் கொடுத்திருந்தார். கம்மல் போட்ட இடத்தில் புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதில் பெருமை வேறு. கம்மலைத் தொட்டுக்கொண்டு, "ஓகே சார்" என்றேன்.

சொட்டு மருந்தும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். வலி குறையாவிட்டால் வரச் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மா, "எல்லாம் வெவரமா சொன்னியாடீ?" என்று கேட்டாள். "சொன்னேன்" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகிறவர் வருகிறவர் முகத்தையெல்லாம் அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் பெண் டாக்டரோடு இங்கிலீஷ் பேசியதை யாராவது பார்த்திருப்பார்களா என்று.

சொட்டு மருந்து தீர்ந்தது. சத்தம் தீரவில்லை. இல்லாத வலி எப்படிக் குறையாமல் இருக்கும்? அதனால் திரும்பிப் போகவும் இல்லை. அம்மா கேட்கும்போதெல்லாம் பரவாயில்லை என்றேன். அவளுக்கு எப்போதும் இடது காதைக் கொடுத்தேன். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று.

ஒருநாள் ரோட்டைக் கடக்கும்போது அம்மா பின்னாலிருந்து என் ஜடையைப் பிடித்து இழுத்தாள். மல்லாக்க விழுந்தேன். லாரி ஒன்று என் முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது ஹாரன் அடித்துக்கொண்டே வந்ததாம். அம்மா என்னைத் தூக்கிவிட்டு முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். பிறகு அவளே அழுதாள்.

மறுநாள் காஞ்சிபுரம் போனோம். காது, மூக்கு, தொண்டைக்கென்று தனியாக இருந்த டாக்டர் அவர். இரண்டு கிளையாக இருக்கும் ஒரு இரும்பைத் தட்டி என் நடுநெற்றியில் வைத்து, சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். இடப்பக்கம் மட்டும்தான் கேட்டது. வலது காதின் ஓரத்தில் வைத்தார். ஒன்றுமே இல்லை, உள்ளே இருந்த அந்தப் பழைய இரைச்சலைத் தவிர.

"இது நரம்பு சம்பந்தப்பட்டது. திடீர்னு கேக்காம போனா மொத வாரத்துலயே வந்துடணும். சில பேருக்குத் திரும்பும், சில பேருக்குத் திரும்பாது. இப்ப நாள் கடந்து போச்சு" என்றார். பிறகு கேட்டார்: "முதல்ல பாத்த டாக்டர்கிட்ட என்னம்மா சொன்னே?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"காது கேக்கலன்னுதான் சொன்னேன்" என்றேன்.

வாலாஜாபாத்திலும் அம்மா என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள். என் பொய் அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது.

திரும்பும்போது வாலாஜாபாத்தில் பஸ் மாற வேண்டும். அம்மா அடுத்த பஸ்ஸுக்கு நிற்கவில்லை. விடுவிடுவென்று நடந்தாள். "வேணாம்மா, வா, போயிடலாம்" என்று பின்னாலேயே ஓடினேன். அவள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி நேராக உள்ளே போய்விட்டாள்.

"இன்னா டாக்டரு நீ? எம்பொண்ணு காது கேக்கலன்னு இங்கிலீஷுல சொல்லிச்சி. நீ வலிக்கி மருந்து குடுத்து அனுப்பிட்ட. இப்ப காது பூட்ச்சின்றான் காஞ்சிபுரத்துல. வயசுப் பொண்ணு சாமி!"

டாக்டருக்கு முதலில் எங்களை அடையாளம் தெரியவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். தேதியைக் கேட்டுக்கொண்டு பழைய நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, அம்மா பக்கம் திருப்பி வைத்தார்.

"எனுக்கு இன்னா எய்த்து தெரியும்? ஏய், நீ படி."

படித்தேன். ரைட் இயர் பெயின். த்ரீ டேஸ். அதற்குக் கீழே, ஹியரிங் ஓகே.

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு முன்னால் நின்ற ஹெச் எழுத்தைப் பார்த்தேன். கம்மலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கேட்கிறதா என்றுதான் கேட்டிருக்கிறார். கேட்காத காதோடு உட்கார்ந்துகொண்டு, நன்றாகக் கேட்கிறது என்று நான் சொல்லியிருக்கிறேன்.

"இன்னா எழுதி கீது?"

"காது வலின்னு."

"அப்பறம்?"

"காது நல்லா கேக்குதுன்னு."

"யாரு சொன்னது அப்டின்னு?"

நர்ஸ் நின்றிருந்தாள். வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நான்தாம்மா."

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "தப்பா நென்சிக்காத சாமி. பொண்ணு பயத்துல மாத்தி சொல்லிட்ச்சி. நானும் கோவத்துல கத்திட்டேன்" என்றாள். டாக்டர் நோட்டை மூடினார். "நானும் தமிழ்லயே கேட்டிருக்கணும்மா" என்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா வலப்பக்கம் உட்கார்ந்தாள். பஸ் பாலாற்றைத் தாண்டியது. பிறகு நான் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே, "எம்மேல கோவமாம்மா?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். என் தோளில் இடித்துக்கொண்டிருந்த அவள் தோள் அசைந்ததில் அது தெரிந்தது. ஒரு வார்த்தைகூட எனக்கு விழவில்லை. என்ன சொன்னாய் என்று மறுபடி கேட்கும் தைரியம் அன்றைக்கும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.